காத்தோங்கில் ஒரு பகல்: கேமராவின் பேட்டரி எங்கே போயிற்று?



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் தோட்டத்துக் குடும்பங்களும் பட்டணத்துக் குடும்பங்களும் பயணத்துக்குக் கிளம்பிவிடுகின்றன. தண்ணீர் மலை முருகனைப் பார்க்கப் பினாங்கு, பத்துமலை, சிங்கப்பூர் என்று ஆளுக்கொரு திசை. எங்கே போனாலும் கையில் ஒரு கேமரா இருக்கிறது. பத்து இருபது ஆண்டுகளுக்கு முன் விற்ற சின்னஞ்சிறு டிஜிட்டல் கேமராக்களை இளைஞர்கள் இப்போது மறுபடியும் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்தது என்று என்னிடமே கொண்டுவந்து காட்டும் பிள்ளைகள் உண்டு.

கேமரா கிடைத்துவிட்டது, படம் எடுக்கவும் வருகிறது. ஆனால் மத்தியானம் ஆவதற்குள் பேட்டரி தீர்ந்துவிடுகிறதே, என்ன செய்வது? இதுதான் பலரும் கேட்கும் கேள்வி. இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். படம் எடுப்பதால் பேட்டரி தீருவதைவிட, படம் எடுக்காத நேரத்தில் தீருவதே அதிகம். நம்ப முடியவில்லையா? உண்மையில் நடந்த ஒரு கதையைக் கேளுங்கள்.

அக்காளும் தங்கையும்

எங்கள் தோட்டத்துக் குடும்பம் ஒன்று சென்ற ஆண்டு காத்தோங்குக்குப் போய் வந்தது. அந்த வீட்டுப் பாட்டிக்கு வயது 78. அவருடைய தங்கை கல்யாணமாகிச் சிங்கப்பூர் போனவர். மரின் பரேட் அடுக்குமாடி வீட்டில் குடியிருந்தார். அக்காளும் தங்கையும் ஒருவரையொருவர் நேரில் பார்த்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. இருவரும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றுகூட அந்த வீட்டில் கிடையாது. சிறுவயதில் லயத்து வாசலில் நிற்க வைத்துப் படம் எடுக்க அந்தக் காலத்தில் யாரிடம் கேமரா இருந்தது?

இப்போது காத்தோங் போவது எளிதாகிவிட்டது. 2024 ஜூன் 23ஆம் தேதி தாம்சன் ஈஸ்ட் கோஸ்ட் ரயில் தடத்தில் தஞ்சோங் காத்தோங், மரின் பரேட் முதலிய நிலையங்கள் திறக்கப்பட்டன. ஜொகூர் பாரு பாலத்தைக் கடந்து உட்லண்ட்ஸ் போய்ச் சேர்ந்தால், அங்கிருந்து வண்டி மாறாமல் ஒரே ரயிலில் மரின் பரேட்டில் இறங்கலாம். இவர்களும் அப்படித்தான் போனார்கள். பேரன் கழுத்தில் கேமரா. முதல் நாள் இரவே பேட்டரியை நிறைத்து வைத்திருந்தான்.

முதலில் சிலோன் சாலையில் உள்ள ஸ்ரீ செண்பக விநாயகர் ஆலயம். 1850களில் குளக்கரையில் ஒரு செண்பக மரத்தடியில் பிள்ளையார் சிலை கிடைத்தது என்றும், இலங்கைத் தமிழரான எதிர்நாயகம் பிள்ளை அங்கே சிறு கோயில் எழுப்பினார் என்றும் ஆலய வரலாறு கூறுகிறது. பிறகு ஜூ சியாட் பக்கம் நடந்து கூன் செங் சாலைக்குப் போனார்கள். பெரானாக்கான் மக்களின் பச்சையும் இளஞ்சிவப்பும் நீலமுமான வீடுகள் வரிசையாக நிற்கும் தெரு அது; பூவேலை செய்த ஓடுகள் சுவரில் மின்னும். 2011இல் ஜூ சியாட் வட்டாரத்தைச் சிங்கப்பூரின் முதல் மரபுடைமை நகராக அறிவித்தார்கள். அதன்பின் ஈஸ்ட் கோஸ்ட் சாலையில் பெயர்பெற்ற காத்தோங் லக்சா. மாலை 4 மணிக்குத்தான் தங்கை வீடு.

தங்கை கதவைத் திறந்தார். இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். கொஞ்ச நேரம் கழித்து, சன்னல் ஓரம் வெளிச்சத்தில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். பேரன் பொத்தானை அமுக்கினான். லென்ஸ் பாதி வெளியே வந்தது, திரையில் பேட்டரி அடையாளம் சிவப்பாகச் சிமிட்டியது, அப்படியே அணைந்துவிட்டது. கைத்தொலைபேசியோ வழி காட்டிக் காட்டி ரயிலிலிருந்து இறங்கிய சிறிது நேரத்திலேயே ஓய்ந்து போயிருந்தது. "அதனால என்னக்கா, அடுத்த தைப்பூசத்துக்கு வா, அப்ப எடுத்துக்கலாம்" என்றாராம் தங்கை.

அடுத்த தைப்பூசத்துக்கு அந்தத் தங்கை இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தோம்

பையன் என் பழைய மாணவன். கேமராவைக் கொண்டுவந்து, "பேட்டரி கெட்டுப் போச்சா சார்?" என்று கேட்டான். இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். டிஜிட்டல் கேமரா ஒவ்வொரு படத்தோடும் எடுத்த நேரத்தையும், ஃபிளாஷ் அடித்ததா இல்லையா என்பதையும் குறித்து வைத்துக்கொள்ளும். ஆகவே அன்றைய பொழுது முழுவதும் அந்த அட்டையிலேயே எழுதியிருந்தது.

எடுத்த படங்கள் 86. கேமராவின் கையேட்டில் ஒரு பேட்டரிக்கு 200 படங்களுக்கு மேல் எடுக்கலாம் என்று போட்டிருந்தது. அப்படியானால் மீதி எங்கே போயிற்று?

அந்த எண்ணிக்கை எப்படி வருகிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஜப்பானில் கேமராக் கம்பெனிகளின் சங்கம் ஒன்று இருக்கிறது. சிப்பா என்பது அதன் சுருக்கப் பெயர். பேட்டரியைச் சோதிப்பதற்கு அது ஒரு முறை வகுத்திருக்கிறது. 23 டிகிரி வெப்பமுள்ள அறையில், 30 வினாடிக்கு ஒரு படம். ஒரு படம் விட்டு ஒரு படத்துக்கு ஃபிளாஷ். பத்துப் படத்துக்கு ஒரு முறை கேமராவை அணைத்துவிட்டு மறுபடியும் போடுவது. இப்படியே பேட்டரி தீரும்வரை எண்ணுவார்கள். கவனித்தீர்களா? அந்தச் சோதனையில் எடுத்த படங்களை யாரும் பத்துப் பேருக்குக் காட்டிக்கொண்டிருப்பதில்லை.

நம் பையன் செய்தது வேறு. ரயிலில் ஏறியதிலிருந்து கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. தம்பி தங்கைகள் "காட்டு, காட்டு" என்று பிடுங்கிப் பார்த்தார்கள். லக்சாக் கடையில் சாப்பாடு வரும்வரை காலை முதல் எடுத்த படங்களை மாமாவுக்கும் அத்தைக்கும் ஒவ்வொன்றாகக் காட்டினான். தெருவில் 14 நிமிடம் வீடியோ. கோயில் மண்டபத்தில் தூரத்திலிருந்து 31 முறை ஃபிளாஷ். திரை ஒளியோ உச்சத்தில்.

பேட்டரி கெட்டுப்போகவில்லை. ஓட்டைப் பானையில் நிறைத்த தண்ணீர் போல் ஒழுகிவிட்டது. குடித்தது கொஞ்சம், ஒழுகியது அதிகம்.

பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது?

உங்கள் கேமராவின் பேட்டரியை வெளியே எடுத்துப் பாருங்கள். இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும். இந்தப் பையனுடையதில் 3.7 வோல்ட், 760 மில்லி ஆம்பியர் மணி என்று இருந்தது. இரண்டையும் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் 2.8 வாட் மணி வரும். அதாவது 3 வாட் எல்இடி விளக்கு ஒன்றை ஏறக்குறைய ஒரு மணி நேரம் எரியவைக்கும் சக்தி. அவ்வளவுதான்! அந்தச் சிறு கிண்ணத்திலிருந்துதான் திரை, லென்ஸ் மோட்டார், ஃபிளாஷ், உள்ளே இருக்கும் குட்டிக் கணிப்பொறி எல்லாம் அள்ளிக் குடிக்கின்றன.

முன்னேற்றம் இல்லாமல் இல்லை. 1975இல் அமெரிக்காவில் கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாஸன் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தபோது அதற்கு 16 நிக்கல் காட்மியம் பேட்டரிகள் தேவைப்பட்டன. எடை 3.6 கிலோ. ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கேசட் நாடாவில் பதிக்க 23 வினாடி ஆயிற்று. 1991இல் சோனி நிறுவனம் லித்தியம் அயன் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தப் பேட்டரிக்கு அடித்தளம் போட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று நம் சட்டைப் பையில் இருப்பது அவர்கள் தந்த வரம். ஆனால் வரத்தையும் அறிந்து செலவு செய்ய வேண்டும் அல்லவா?

ஓட்டைகளை அடைப்பது எப்படி?

முதல் ஓட்டை திரை. கேமராவின் பட்டியலுக்குள் போய்த் திரையின் ஒளியைக் குறையுங்கள். நல்ல வெயிலில் மட்டும் கூட்டிக்கொள்ளலாம். ஒவ்வொரு படம் எடுத்ததும் அது திரையில் நிற்கும் நேரத்தை 2 வினாடியாக வையுங்கள். வேண்டாமென்றால் நிறுத்தியே விடுங்கள். எடுத்த படங்களை வீட்டுக்கு வந்து, சார்ஜரில் மாட்டிக்கொண்டு ஆற அமரப் பாருங்கள். பிள்ளைகளுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்.

கண்ணை வைத்துப் பார்க்கும் கண்ணாடித் துவாரம் உள்ள பெரிய கேமராவானால் அதன் வழியே பாருங்கள். எவ்வளவு வித்தியாசம் என்பதற்கு ஓர் உதாரணம்: கேனன் 5டி மார்க் 4 கேமராவில் துவாரம் வழியே பார்த்து எடுத்தால் சுமார் 900 படம்; திரையைப் பார்த்து எடுத்தால் சுமார் 300. கேமராவும் அதே, பேட்டரியும் அதே! ஆனால் இப்போது வரும் கண்ணாடியில்லாக் கேமராக்களில் அந்தத் துவாரத்துக்குள்ளும் ஒரு சிறு மின்திரைதான் இருக்கிறது. சோனி ஏ7 மூன்றாம் வகையில் திரை வழியே 710, துவாரம் வழியே 610 என்று கணக்கு. ஆகவே உங்கள் கேமரா எந்த வகை என்று தெரிந்துகொண்டு நடக்க வேண்டும்.

இரண்டாவது ஓட்டை, சும்மா ஓடும் நேரம். தானாக அணையும் வசதி எல்லாக் கேமராவிலும் உண்டு; அதை ஒரு நிமிடத்துக்கு வையுங்கள். ஆனால் சின்னக் கேமராவை ஒவ்வொரு படத்துக்கும் அணைத்து அணைத்துப் போடாதீர்கள். ஒவ்வொரு தடவையும் மோட்டார் லென்ஸை வெளியே தள்ளி உள்ளே இழுக்கிறது. அதற்கும் செலவு உண்டு. ஓர் இடத்தில் நாலைந்து படம் எடுப்பதானால் எடுத்து முடித்துவிட்டு அணையுங்கள். சூம் பொத்தானை வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் விளையாடுவதைவிட, இரண்டு எட்டு முன்னால் நடப்பது நல்லது. கால்களுக்குப் பேட்டரி வேண்டாம்!

மூன்றாவது ஃபிளாஷ். ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரு மின்தேக்கியை நிறைத்துப் பிறகுதான் அது அடிக்கிறது. சின்னக் கேமராவின் ஃபிளாஷ் மூன்று நான்கு மீட்டருக்கு அப்பால் அவ்வளவாகப் பயன்படாது. கோயில் மண்டபத்தில் பின்வரிசையில் நின்று அடித்தால் முன்னால் நிற்பவர் தலைதான் வெளுக்கும். அத்துடன், கோயிலில் படம் எடுக்கலாமா என்று முதலில் கேட்டுக்கொள்வதே மரியாதை. ஃபிளாஷை அணைத்து வைத்துவிட்டு, வெளிச்சம் உள்ள பக்கமாக ஆட்களை நிறுத்துங்கள்.

நான்காவது, கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள். வைஃபை, புளூடூத், இடம் காட்டும் ஜிபிஎஸ் ஆகியவை தேவைப்படும்போது மட்டும் திறந்திருக்கட்டும். பொத்தானைத் தொடாதபோதும் குவியத்தைத் தேடிக்கொண்டே இருக்கும் தொடர் குவிய வசதியையும் நிறுத்தலாம். வீடியோ எடுக்கும்போது எல்லாமே ஒருசேர ஓடுகின்றன. ஆகவே வேண்டிய காட்சியை மட்டும் ஒரு நிமிடத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

டார்ச் லைட் வைத்தியம் செல்லாது

இங்கே நம் தோட்டத்து ஆட்களுக்கென்றே ஓர் எச்சரிக்கை. இருட்டோடு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் சீவப் போனவர்கள் நம் பெற்றோர். டார்ச் லைட் மங்கிவிட்டால் அதன் பேட்டரியை வெயிலில் காயவைத்து மறுபடியும் போடுவார்கள், கொஞ்சம் எரியும். சூட்டில் உள்ளேயிருக்கும் இரசாயன வேலை சற்றுச் சுறுசுறுப்படைவதால் வரும் பலன் அது. அந்தப் பேட்டரியோ தீர்ந்தால் வீசிவிடுவது. லித்தியம் பேட்டரிக்கு இந்த வைத்தியம் விஷம். சூடுதான் அதன் முதல் எதிரி. வெயிலில் காயவைப்பதும், பூட்டிய காருக்குள் கண்ணாடி ஓரம் வைத்துவிட்டுப் போவதும் அதன் ஆயுளைத் தின்றுவிடும், ஆபத்தும் உண்டு.

இன்னொரு பழைய வழக்கமும் இருக்கிறது. "முழுசாகத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும்" என்பார்கள். அது நிக்கல் காட்மியம் காலத்துப் பேச்சு. லித்தியம் பேட்டரியைப் பாதியில் சார்ஜ் செய்வதால் கெடுதல் இல்லை. அடிக்கடி அடிவரை வறட்டுவதுதான் கெடுதல். பல மாதம் கேமராவைத் தொடப் போவதில்லை என்றால் பேட்டரியைப் பாதி அளவு நிறைத்து, கழற்றி, குளிர்ச்சியான உலர்ந்த இடத்தில் வையுங்கள். பயணத்துக்கு முதல் நாள் நிறைத்துக்கொண்டால் போதும்.

கேமரன் மலை போன்ற குளிர்ந்த இடத்தில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்ததுபோல் தோன்றும். சட்டையின் உள்பையில் உடற்சூட்டில் வைத்திருந்தால் தெளிந்துவிடும். உடற்சூடு போதும், அடுப்பங்கரை வேண்டாம்.

கடையில் விற்கும் சாதாரண ஏஏ பேட்டரி போடும் கேமரா உங்களிடம் இருந்தால், ஒரு முறை போட்டு வீசும் ஆல்கலைன் பேட்டரியைவிட, சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகையே சிறந்தது. மேலே 1.5 வோல்ட்டுக்குப் பதில் 1.2 வோல்ட் என்று இருப்பதைக் கண்டு தயங்காதீர்கள். கேமரா சட்டென்று இழுக்கும் மின்சாரத்தைத் தளராமல் தருவது அதுதான். புதியதையும் பழையதையும் மட்டும் கலந்து போடக்கூடாது.

இரண்டாவது பேட்டரி

எவ்வளவு சிக்கனம் செய்தாலும் ஒரு துணைப் பேட்டரி வேண்டும். பழைய கேமராக்களுக்கு அசல் பேட்டரி கிடைப்பது அரிது. வேறு கம்பெனிகள் செய்ததே கிடைக்கும். அதில் மிகவும் மலிவானதைத் தவிர்த்து, பழகிய கடையில் கேட்டு வாங்குங்கள். உப்பிய பேட்டரியை ஒருநாளும் மாட்டாதீர்கள், குத்திப் பார்க்காதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். பழைய பேட்டரிகளைச் சேகரிக்கத் தனித் தொட்டிகள் இருக்கின்றன. சிங்கப்பூரில் 2021 ஜூலை முதல் இதற்கு ஓர் ஒழுங்கான ஏற்பாடே நடைமுறைக்கு வந்தது.

நிறைந்த பேட்டரிக்கு ஒரு ரப்பர் வளையம் மாட்டிவையுங்கள், தீர்ந்ததும் கழற்றிவிடுங்கள். நிறைந்தது எது, காலி எது என்று குழம்பவே வேண்டாம். சில்லறைக் காசும் சாவியும் உள்ள பையில் அதைப் போடாதீர்கள். உலோகம் பட்டு மின்முனைகள் இணைந்தால் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விமானத்தில் போவதானால் துணைப் பேட்டரியைக் கைப்பையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ஏற்றி அனுப்பும் பெட்டியில் வைக்கக்கூடாது.

எல்லாம் செய்தும் நடுவழியில் அணைந்துவிட்டதா? பதற வேண்டாம். கேமராவை அணைத்துப் பத்து நிமிடம் ஓய்வு கொடுங்கள். ஓய்வில் பேட்டரியின் வோல்ட் சற்றே மீளும். ஃபிளாஷை நிறுத்தி, ஆட்களை முதலிலேயே நிறுத்தி வைத்துக்கொண்டு, கடைசியில் போட்டால் ஒன்றிரண்டு படம் கிடைக்க வாய்ப்புண்டு. அன்று அந்த வீட்டில் யாருக்கேனும் இது தெரிந்திருந்தால், அந்த இரண்டு நாற்காலிகளும் வெறுமனே திரும்பியிருக்காமல் போயிருக்கலாம்.

எதற்காகக் கிளம்பினோம்?

வாசகர்களே, முடிவாக ஒன்று சொல்ல வேண்டும். கூன் செங் சாலை வீடுகள் நாளைக்கும் இருக்கும்; நம்மைவிட நன்றாக அவற்றைப் படமெடுத்தவர்கள் ஆயிரம் பேர். லக்சாக் கிண்ணமும் அப்படித்தான். ஆனால் நம் வீட்டுப் பெரியவர்களை நம்மைத் தவிர யார் படமெடுப்பார்கள்? எத்தனையோ தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்கள் இடிந்தன, ஆயாக் கொட்டகைகள் மறைந்தன. அங்கே வாழ்ந்தவர்களின் முகங்கள் எந்த நூலகத்திலும் இல்லை.

ஆகவே பேட்டரிச் சிக்கனத்தின் முதல் விதி பொத்தானில் இல்லை, புறப்படுவதற்கு முன் போடும் திட்டத்தில் இருக்கிறது. இன்றைய பயணத்தில் எந்தப் படம் இல்லாமல் திரும்பக்கூடாது என்று வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அந்தப் படத்துக்கென்று ஒரு பேட்டரியை ஒதுக்கி, ரப்பர் வளையம் போட்டு, அம்மா கையில் கொடுத்துவிடுங்கள். விதைநெல்லை எடுத்துச் சமைக்காத குடும்பம்போல், அதை யார் கேட்டாலும் அவர் கொடுக்கக்கூடாது.

அடுத்த விடுமுறைக்கு இன்னும் நாள் இருக்கிறது. இன்றிரவே கேமராவை எடுத்து, பேட்டரியில் அச்சிட்ட எண்களைப் பிள்ளைகளை விட்டுப் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கணக்கும் வளரும், சிக்கனமும் பழகும். நாளைக் காலையில் பசியாறியதும், வாசல் வெளிச்சத்தில் பாட்டியையும் தாத்தாவையும் உட்கார வைத்து முதல் படத்தை எடுத்துவிடுங்கள்.